இம்யூனோதெரபி ட்ரிப்ஸ்: வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகள்

முற்றிய மெலனோமாவுக்கு (ஒருவகைத் தோல் புற்று) இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றின் மீது ஏவும் சிகிச்சை, என்று டாக்டர் சொன்னதும், யாராவது ஒருவர் ஜிம்மி கார்ட்டரின் கதையை அனுப்பிவிடுவார். அமெரிக்காவின் முன்னாள் அதிபர். ஈரலுக்கும் மூளைக்கும் மெலனோமா பரவிவிட்டது என்று 2015 ஆகஸ்டில் அறிவித்தார். அப்போது வயது 90. அதே டிசம்பரில் ஸ்கேனில் புற்று தெரியவில்லை. 2024 டிசம்பரில், 100 வயதில் காலமானார். கதை உண்மைதான், ஆனால் பாதிதான் வந்து சேர்கிறது. அவருக்கு ஈரலில் ஆபரேஷன் நடந்தது, மூளைக்குக் கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து அவற்றோடு சேர்ந்து ஏறியது. "ஊசி மட்டும் போதும், மற்றதெல்லாம் வேண்டாம்" என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்பது, இந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த 'செக்மேட் 067' ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த மருந்துகள் வருவதற்கு முன்னால், நான்காம் நிலையில் ஓராண்டைத் தாண்டியவர்களே பாதிக்கும் குறைவு. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவுகளும் வந்தன. இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: இதை இன்னொரு கீமோ என்று நினைப்பது. கீமோ புற்றணுவை நேரடியாகக் கொல்லும். இது நம் உடம்பின் டி செல்களை (நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளையணுக்கள்) பிடித்து வைத்திருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. பிரேக் போன செல்கள் புற்றை மட்டும் தாக்கும் என்று சொல்ல முடியாது. குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, இதயம் என எதையும் தாக்கலாம். டே கேரில் அரை மணி நேரம் ட்ரிப்ஸ் ஏறும், வாந்தி இல்லை, முடி கொட்டுவதில்லை. "ஒன்றுமே பண்ணவில்லை" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார்கள். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகு, அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் வாரங்களில்தான் வருகிறது.

வயிற்றுப்போக்கையே பாருங்கள். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று மெடிக்கலில் லோபிரமைடு வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள் ஏராளம். மாத்திரை போக்கைக் குறைத்துக் காட்டும். உள்ளே குடலின் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீர்கள் என்று சிகிச்சை தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். கூடினாலே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, ரத்தம் வந்தாலோ, வயிறு வலித்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கூப்பிடுங்கள். "கொஞ்சம் லூஸாகப் போகிறது" என்று சொல்லாதீர்கள். "எப்போதும் ஒரு தடவை, நேற்றிலிருந்து ஆறு தடவை" என்று சொன்னால்தான் எதிர்முனையில் இருப்பவருக்கு வேலை ஓடும்.

வறட்டு இருமல், மூச்சு வாங்குவது, விடாத தலைவலி, எழ முடியாத அசதி, அடங்காத தாகம் இவையும் அப்படித்தான். நெஞ்சு வலியோ, இமை தொங்குவதோ முதல் சில வாரங்களில் வந்தால் காத்திருக்கவே கூடாது, அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சொன்னால் அடுத்த தவணையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மனசு புரிகிறது. ஆனால் பக்கவிளைவால் சீக்கிரம் நிறுத்திய பலருக்கும் பலன் தொடர்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறைத்து வைப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

அப்புறம் ஸ்டீராய்டு. இந்த வீக்கத்தை அடக்க முதல் மருந்து அதுதான். இரண்டு நாளில் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது. குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம், டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் பாதித்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மாத்திரை. அதையும் நாமாக நிறுத்தக் கூடாது.

"எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சைதானே, கூடவே கஷாயமும் குடிக்கலாமே" என்று நம் வீடுகளில் தோன்றுவது இயல்பு. சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஈரலைத் தாக்கக்கூடிய ட்ரிப்ஸ் ஏறும்போது அதையும் சேர்த்தால், எது காரணம் என்று கண்டுபிடிப்பதே சிக்கலாகிவிடும். எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம், சோரியாசிஸ், மாற்றுச் சிறுநீரகம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்கும் அபாயம் நிஜமானது.

முதல் ஸ்கேன் சுமார் மூன்று மாதத்தில் எடுப்பார்கள். டி செல்கள் உள்ளே குவிவதால் கட்டி பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்குவது சிலருக்கு நடக்கும். பத்தில் ஒருவருக்கும் குறைவுதான். அதனால் ஒரு ஸ்கேனைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது, உடம்பு தேய்ந்துகொண்டே போகும்போது "இது வீக்கம்தான்" என்று தொங்கிக்கொண்டிருக்கவும் கூடாது. கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு எதை முதலில் கொடுப்பது என்பதும் முக்கியம். 'ட்ரீம்செக்' ஆய்வில் இம்யூனோதெரபியை முதலில் எடுத்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். அந்த மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரையில் தொடங்கியவர்களில் சுமார் 52. மாத்திரை சுலபம் என்பதற்காக அதில் தொடங்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

செலவு பெரிய பாரம், லட்சங்களில் போகும். தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கத்தைவிட மிகக் குறைந்த அளவான 20 மில்லிகிராம் நிவோலுமாப் பலன் தந்ததாக மும்பை டாடா மெமோரியல் ஆய்வு காட்டியது. அதை மெலனோமாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று முதல் தவணைக்கு முன்பே கேளுங்கள்.

கடைசி ட்ரிப்ஸ் முடிந்து பல மாதம் கழித்தும் இந்தப் பக்கவிளைவுகள் வரலாம். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சலோ பேதியோ வந்து பக்கத்து கிளினிக்குக்குப் போனால், "கேன்சருக்கு ஊசி போட்டேன்" என்று மட்டும் சொன்னால் கீமோ என்றே எடுத்துக்கொள்வார்கள். மருந்தின் பெயர், கடைசியாக ஏறிய தேதி, உங்கள் புற்றுநோய் டாக்டரின் நம்பர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வைத்திருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.