நரம்பு வலியோடு அன்றாட வேலையைப் பங்கிட்டுச் செய்வது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் கழுவாத வீடு இருக்காது. மூன்று வருடங்களுக்கு முன்பு, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரம், எனக்குக் கால் வலி குறைந்த ஒரு நல்ல நாள் வாய்த்தது. விட்டால் கிடைக்காது என்று பரண் முதல் வாசல் வரை அன்றைக்கே கழுவி முடித்தேன். அடுத்த ஐந்து நாளும் படுக்கைதான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கரண்ட் அடிப்பது போல இழுத்தது. பொங்கல் வைக்கக்கூடப் போக முடியவில்லை.

நாள்பட்ட நரம்பு வலி உள்ளவர்களுக்கு இந்தச் சுழல் நன்றாகத் தெரியும். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது, அப்புறம் விழுவது, எழுந்ததும் மறுபடி அதே. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அப்படி நாள்கணக்கில் வந்துகொண்டிருந்தால், தண்டுவடமும் மூளையும் சின்னத் தொடுதலைக்கூடப் பெரிய வலியாக உணரப் பழகிவிடலாம். இதைச் சமாளிக்கப் பிசியோதெரபியில் சொல்லித்தரும் முறைக்குப் பேசிங் (pacing) என்று பெயர். வலி வந்து நிறுத்துவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்து நாமே நிறுத்திக்கொள்வது. வலி இதனால் மறைந்துவிடாது. ஆனால் நாளைக்கு எழுந்து நடமாட முடியுமா என்ற பயம் குறையும். எனக்கு அதுவே பெரிய விடுதலையாக இருந்தது.

தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், இடுப்பு டிஸ்க் அழுத்துவதால் வரும் கால் வலி, அக்கி ஆறிய பின் தங்கும் வலி எல்லாமே நரம்பு வலிதான். ஆனால் வைத்தியம் ஒன்றில்லை. கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், காபாபென்டின் போன்ற மாத்திரைகளை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன வேலை, எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எவ்வளவு. அன்று இரவும் மறுநாள் காலையும் இருந்த வலியையும் மறக்காமல் எழுதுங்கள். நரம்பு வலி பல நேரம் தாமதித்துத்தான் கணக்குக் கேட்கும். திங்கட்கிழமை மாவாட்டியதற்குச் செவ்வாய்க்கிழமை எரியும். நாம் செவ்வாய்க்கிழமை செய்த வேலையைத் திட்டிக்கொண்டிருப்போம். உட்கார்ந்திருப்பதையும் வேலையாகவே எழுதுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் குனிந்து கொலுசு பற்ற வைப்பவருக்கும் அம்மாப்பேட்டையில் தறியில் உட்காருபவருக்கும் அதுதான் முதல் கணக்கு.

இரண்டாம் படி: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அடுப்படியில் நிற்பது. வலி ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று மூன்று தனித்தனி நாளில் பாருங்கள். அதில் ஒன்றாவது சுமாரான நாளாக இருக்கட்டும். எனக்கு 18, 12, 15 நிமிடம் வந்தது. சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. ஆக, என் அளவு 12 நிமிடம்.

இனி நல்ல நாளிலும் 12, சுமாரான நாளிலும் 12. நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம். உடம்பு லேசாக இருக்கும், கை ஓடும், இன்னும் நாலு சப்பாத்திதானே என்று மனசு சொல்லும். போன் டைமர் அடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது.

மூன்றாம் படி: வேலையை நறுக்குங்கள்

முதல் நாள் மாலையே உட்கார்ந்து காய் நறுக்கி வையுங்கள். துணியை ஒரே வாளியாகத் தூக்காமல் மூன்று நடையாக மாடிக்குக் கொண்டுபோங்கள். நின்று செய்யும் வேலைக்கு அடுத்து உட்கார்ந்து செய்வது, அதற்கடுத்துக் கொஞ்சம் நடப்பது என்று மாற்றி மாற்றி வையுங்கள். இடையில் ஓய்வு என்றால் ஓய்வு. குனிந்து போன் பார்ப்பது அதில் சேராது.

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "அத்தை, டைமர் அடிச்சா நான் போய்ப் படுத்துக்குவேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்று நான் சொன்னேன். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. நோட்டைக் காட்டிய பிறகு டைமரை அவர்களே வைக்கத் தொடங்கினார்கள்.

நான்காம் படி: மெல்லக் கூட்டுங்கள்

ஒன்றிரண்டு வாரம் வலி ஏறாமல் போனால் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். 12 நிமிடம் 13 ஆகும். ஒரு சமயத்தில் ஒரு வேலையை மட்டும் கூட்டுங்கள். அப்போதுதான் ஒத்துக்கொள்ளாதது எதுவென்று தெரியும்.

எவ்வளவு கவனித்தாலும் வலி பொங்கும் நாள் வரும். அன்று அளவைப் பாதியாக்குங்கள், முழுக்கப் படுத்துவிட வேண்டாம். வலி தணிந்த பின் சில நாளில் பழைய அளவுக்கு ஏறிவிடலாம்.

ஏற்காடு போக ஆசையா? போகலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. உங்கள் உட்காரும் அளவு 20 நிமிடமென்றால், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த முடிகிற இடங்களை முன்பே ஓட்டுநரிடம் பேசி வைத்து, இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு ஏறுங்கள். மேலே ஏரியோ, பகோடா பாயின்ட் என்ற காட்சி முனையோ, ஏதாவது ஒன்று மட்டும். குளிர் ஒத்துக்கொள்ளாத கால் என்றால் காலுறை கட்டாயம். பாதம் மரத்திருப்பவர்கள் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது. மறுநாளுக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் போன சித்திரையில் இப்படித்தான் போய்வந்தேன். மறுநாள் காலை நோட்டில் பத்துக்கு நான்கு என்று எழுதினேன்.