‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’: நேர்காணலின் முதல் இரண்டு நிமிடத்துக்குத் தயாராவது எப்படி?

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மெக்கானிக்கல் முடித்த புதியவர் நேர்காணலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் காலையிலிருந்து பலரைப் பார்த்துக் களைத்திருப்பார். பல நேரம் உங்கள் பயோடேட்டாவை நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் புரட்டுவார். நீங்கள் பேசப் பேச அவர் கண் தாளில் ஓடும். அப்போது காதில் விழுவதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். அதாவது, அடுத்த கேள்வி எதுவென்று நீங்களே எடுத்துக்கொடுக்கலாம். இந்த வாய்ப்பைத்தான் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள்.

வீணாவது இப்படி: “மைசெல்ஃப் குமார். மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை ஹாபி இஸ் லிஸனிங் மியூசிக். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க்.” ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவது இலக்கணப் பிழை, ‘ஐ ஆம் குமார்’ போதும். அதைவிடப் பெரிய குறை, இதில் பிடித்துக் கேட்க ஒன்றுமே இல்லை. கேட்பவர் தன் கையிருப்புக் கேள்விக்குப் போய்விடுவார். அது நீங்கள் மறந்துபோன மூன்றாம் செமஸ்டர் பாடமாக இருக்கலாம். அப்பா விவசாயி என்பது பெருமைதான். குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது நிமிர்ந்து சொல்லுங்கள், தொடக்கத்தில் வேண்டாம்.

மாறாக, பெயரும் படிப்பும் ஒரு வரி. நீங்கள் கையால் செய்த ஒரு வேலை இரண்டு மூன்று வரி, அதில் ஒரு எண் கட்டாயம். கடைசியில், அது இந்த வேலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு வரி. இப்படி:

“நான் குமார். மெக்கானிக்கல் டிப்ளமோ, 78 சதவீதம். கடைசி ஆண்டு புராஜெக்டில் ஒரு பிராக்கெட்டில் நான்கு துளையும் சரியான இடத்தில் விழ வழிகாட்டும் ட்ரில் ஜிக் செய்தோம். மார்க் பண்ணித் துளைக்க 12 நிமிடம் ஆனது, ஜிக் வைத்த பிறகு 5 நிமிடம். முதல் பத்து பீஸில் மூன்று பீஸ் அளவு தவறின. காரணம் தேடியபோது, பீஸைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டருக்கு அடியில் உலோகச் சுருள் சீவல் தங்கியிருந்தது. அந்தத் தேடல் பிடித்துப்போனதால்தான் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பித்தேன்.”

இதைக் கேட்டவர் என்ன கேட்பார்? ஜிக்குக்கும் ஃபிக்ஸ்சருக்கும் என்ன வித்தியாசம், லொகேட்டர் எங்கெங்கே வைத்தீர்கள், சீவலை எப்படி வெளியேற்றினீர்கள்? எல்லாம் முன்கூட்டியே தெரிந்த கேள்விகள். ஜிக், பொருளைப் பிடிப்பதோடு வெட்டும் கருவிக்கும் வழிகாட்டும், ஃபிக்ஸ்சர் பொருளைப் பிடிக்க மட்டும் செய்யும். லொகேட்டர், அடியில் 3, நீளப்பக்கம் 2, குறுக்கே 1 என்று ஆறு புள்ளிகள். தொடக்கத்தில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி மூன்று கேள்வியை எழுதிவைத்துப் பதில் தயார் செய்யுங்கள். பதில் இல்லாத சொல்லை அடித்துவிடுங்கள். செய்யாத புராஜெக்டைச் செய்ததாகச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மொத்தம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. முழுதாக மனப்பாடம் செய்யாதீர்கள்: ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், கண் மேலே போய் நிற்கும். ‘டிப்ளமோ – ஜிக் – 12, 5 – சீவல்’ என்று துண்டுச்சீட்டில் எழுதிவைத்து அதைப் பார்த்துப் பேசிப் பழகுங்கள். போனில் பதிவு செய்து மூன்று தடவை கேளுங்கள். பதற்றத்தில் வேகம் கூடும் என்பதால் வீட்டிலேயே கொஞ்சம் நிதானமாகப் பழகுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நடுவில் சிக்கினால் ‘சாரி, சாரி’ என்று அடுக்காமல் ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள். தொழிற்சாலைகளில் ‘தமிழில் விளக்கட்டுமா சார்?’ என்று கேட்டால் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள்.

இனி, உள்ளே போவதற்கு முன். சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) கம்பெனி என்றால் கேட்டிலேயே பதிவேட்டில் எழுதி, அடையாள அட்டை காட்டி, பாஸ் வாங்க நேரம் பிடிக்கும். அரை மணி முன்னதாக கேட்டில் இருங்கள். ஆதார் ஒரிஜினல் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் வந்த வேர்வையோடு நேராக உள்ளே போகாமல் முகம் கழுவி ஐந்து நிமிடம் ஃபேன் கீழே நில்லுங்கள். ஷூ புதிதென்றால் இரண்டு நாள் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். கடிக்கிற ஷூ நடையிலேயே தெரிந்துவிடும். ஃபைலில் மேலாக பயோடேட்டா மூன்று பிரதி, அடுத்து ப்ரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்), பிறகு மதிப்பெண் சான்றிதழ்கள். கேட்டதும் எடுத்து நீட்ட வேண்டும், பையைக் கவிழ்த்துத் தேடக் கூடாது. போனை அணைத்துவிடுங்கள்.

அறைக்குள் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவரையும் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். ஓரமாக இருப்பவர்தான் பிளான்ட் மேனேஜராக இருப்பார், பல நேரம். அவர்கள் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள், ஃபைல் மடியில் இருக்கட்டும்.

பேச்சின் பாதியில் குறுக்கிட்டு ஏதாவது கேட்டால் கலங்காதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒன்று அவரை இழுத்திருக்கிறது. மீதியை ஒப்பித்து முடிக்காமல், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.