நம்மூர்ல பிரிவியூ ஷோவுக்கு கூப்ட்டா எப்படி போகணும், எப்படி கேள்வி கேக்கணும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரிவியூ ஷோ, அதாவது ரிலீஸுக்கு முன்னாடியே படத்த போட்டுக் காட்டறது, எப்பவாவது ஒரு தடவ தான் நடக்கும். சென்னையிலயே பத்திரிகைக்காரங்களுக்கும் சினிமாக்காரங்களுக்கும் போட்டு முடிச்சிடுவாங்க, விநியோகத்துல நாம சேலம் ஏரியாவுக்குள்ள வர்றோம், அதனால டீம் இந்தப் பக்கம் கிளம்புனாலும் சேலத்தோட நின்னுடும். அதையும் தாண்டி ஒரு சின்னப் பட டீம் நம்மூருக்கே வந்து, படம் முடிஞ்சதும் டைரக்டர்கிட்ட நேரா கேள்வி கேக்கலாம்னு சொன்னா அத விடவே கூடாதுங்க. ஆனா நான் போன நாலுல மூணு ஷோ ஏற்பாடு சரியில்லாம சொதப்பிடுச்சு, சொதப்பும்போதெல்லாம் முதல்ல அடி வாங்குறது அந்தக் கேள்வி நேரம் தான். அத எப்படி காப்பாத்திக்கறதுன்னு தான் எழுதுறேன்.

வாட்ஸ்அப்ல வர்ற பாஸ்ல பெரும்பாலும் சீட் நம்பர் இருக்காது. பாதிப் பேர் வரமாட்டாங்கங்கிற கணக்குல சீட்டுக்கு மேல பாஸ் அனுப்பிடுவாங்க, அன்னைக்கின்னு பாத்து எல்லாரும் வந்துடுவாங்க. முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. முந்தின நாளே பாஸ்ல இருக்கிற நம்பருக்கு போன் போட்டு, விழா எத்தன மணிக்குன்னு கேக்காதீங்க, படம் எத்தன மணிக்கு போடுவீங்க, எவ்ளோ நேரம் ஓடும், சென்சார் ஆயிடுச்சான்னு கேளுங்க. சென்சார் எதுக்குன்னா, 2023 சினிமா சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் யூஏ-லயே 7+, 13+, 16+னு பிரிச்சிட்டாங்க, அது பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கறதுக்கு. ஏ சர்டிபிகேட்னா 18 வயசுக்கு கீழ உள்ளயே விடமாட்டாங்க. அரூர்லேந்து புள்ளைங்கள கூட்டிட்டு பஸ் ஏறி வந்து கேட்டுலயே திரும்பிப் போன ஒரு குடும்பத்த நான் பாத்திருக்கேன், இன்னும் மனசுல இருக்குது.

இப்ப லேட்டாகறதப் பத்தி. டீம் டோல்கேட்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுவாங்க, நிஜமாவும் இருக்கலாம், ஆனா பாதி நேரம் விஷயம் ஆபரேட்டர் ரூம்ல இருக்கும். இப்ப படம் வர்றது டிசிபிங்கிற டிஜிட்டல் ஃபைலா, அத தியேட்டர் சர்வர்ல ஏத்தறதுக்கே நல்ல நேரம் ஆகும். ஏத்துனா மட்டும் ஓடாது, பூட்டு போட்டு தான் அனுப்புவாங்க. அந்த பூட்டுக்கு கேடிஎம்னு ஒரு சாவி தனியா மெயில்ல வரும், அந்தப் படத்துக்கு, அந்த ஒரு சர்வருக்கு, இந்த தேதி இந்த மணியிலேந்து இந்த மணி வரைக்கும்னு தான் செல்லும், ஒரு நிமிஷம் முன்னாடி அமுக்குனாலும் ஓடாது. ஒரு தடவ 10 மணி ஷோவுக்கு 12 மணியிலேந்து செல்லுற மாதிரி சாவி அனுப்பிட்டாங்க. சென்னைக்கு போன் மேல போன் போட்டு வேற சாவி வாங்கி படம் ஆரம்பிக்கறப்ப 11.20. இன்டர்வெலோட சேத்து முடியறப்ப 1.50. மேட்னிக்கு 2.10க்கு ஆள விடணும்னு மேனேஜர் கதவுகிட்டயே வந்து நின்னுட்டாரு. மிச்சமிருந்த 20 நிமிஷத்துல சால்வ போடுறதுக்கே 12 நிமிஷம் போச்சு, எட்டு நிமிஷத்துல மூணு பேர் தான் கேட்டாங்க.

அதனால உள்ள போனதும் ஆபரேட்டர் அண்ணா கண்ணுல பட்டா மரியாதையா கேட்டுடுங்க, "படம் ஏத்திட்டீங்களாண்ணா, கீ ஓபன் ஆயிடுச்சா"ன்னு. இல்லன்னு சொன்னா நேரம் இருக்குது, போயி டீ குடிச்சிட்டு வரலாம். அதவிட முக்கியம், ஏற்பாடு பண்றவங்ககிட்ட போயி, "சார், சால்வ, பேச்சு எல்லாத்தையும் இப்பவே முடிச்சிடலாமே, படம் முடிஞ்சதும் நேரா கேள்விக்கு போயிடலாம்"னு சொல்லுங்க. டீம் வந்து சும்மா உக்காந்திருக்கிற நேரம் தான அது. நான் ரெண்டு தடவ சொன்னேன், ஒரு தடவ கேட்டாங்க, அன்னைக்கு மட்டும் அரை மணி நேரம் நல்லா பேச முடிஞ்சுது.

வேல முழுசா முடியாத காப்பியா இருந்தா லேப்டாப்லேந்தே போடுவாங்க. அப்ப சைடு ஸ்பீக்கர் எதுவும் பேசாது, சவுண்டு முன்னாடியிருந்து மட்டும் வரும், கலர் வெளுத்து இருக்கும், சிஜி, அதாவது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ், இருக்க வேண்டிய எடத்துல பச்சத் துணி தெரியும். ஆரம்பிக்கும்போதே இது ஃபைனல் காப்பியான்னு கேட்டு வெச்சுக்கோங்க, இல்லன்னா முடியாத வேலையப் பத்தி கேட்டு உங்க ஒரே கேள்விய வீணாக்கிடுவீங்க. வசனம் புரியல, தல வெட்டுப்பட்டு தெரியுதுன்னா உக்காந்த எடத்துலேந்து கத்தாதீங்க, கேபின் உள்ள இருக்கிற ஆபரேட்டருக்கு கேக்காது. முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுந்து போயி சொல்லிட்டு வாங்க. எல்லாரும் யாராவது சொல்லுவாங்கன்னு இருந்துட்டு இன்டர்வெல் வரைக்கும் அப்படியே பாக்கறது தான் நம்ம ஊர் பழக்கம்.

செல்போன வெளிய எடுக்கவே எடுக்காதீங்க. ஸ்டேட்டஸுக்கு பத்து செகண்டு தானன்னு தோணும், ஆனா அதே 2023 திருத்தத்துல தியேட்டர்ல படத்த ரெக்கார்டு பண்ணா 3 மாசத்துலேந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 3 லட்சத்துல தான் ஆரம்பிக்குது. அதுக்கு பதிலா ஒரு பால்பாயின்ட் பேனா, சட்டப் பாக்கெட்ல அடங்குற நோட்டு. இன்டர்வெல்ல நாலு வார்த்த குறிச்சுக்கோங்க.

எங்க உக்காரணும்? பால்கனி வேண்டாம், மைக் அங்க ஏறி வரவே வராது. முன் வரிசைய விஐபிக்குன்னு துண்டு போட்டு வெச்சிருப்பாங்க, அதுல உக்காந்தா பாதிப் படத்துல எழுப்புவாங்க. கீழ, நடுவுல, நடைபாதை ஓரத்து சீட்டு. இருக்கிற ஒரே கார்டுலெஸ் மைக் அந்த நடைபாதையில தான் நடந்து வரும், மேடையிலேந்து பாக்கறவங்க கண்ணுக்கும் ஓரத்துல தூக்குன கை தான் தெரியும். பேட்டரி போயிடுச்சுன்னா எழுந்து நின்னு, மேடையப் பாத்து, மெதுவா, சத்தமா கேளுங்க.

கேள்விய பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்றேன், ஏன்னா வீணாப் போறது இங்க தான். பேரு, ஊரு, கேள்வி, அவ்ளோ தான். "முதல்ல படக்குழுவினருக்கு வாழ்த்துக்கள்"னு ஆரம்பிச்சா பின்னாடி கை தூக்கிட்டு இருக்கிற பாலக்கோடு காலேஜ் புள்ளைக்கு நேரம் இருக்காது. "இந்த ஐடியா எப்படி சார் வந்துச்சு"ன்னு கேட்டா அவர் ஏற்கனவே எல்லா பேட்டியிலயும் சொன்ன பதிலத் தான் சொல்லுவாரு. ஒரே ஒரு சீனப் புடிங்க. "அம்மா ஒண்ணுமே பேசாம கதவ சாத்துறாங்களே, அங்க மியூசிக் வேண்டாம்னு ஷூட்டிங்லயே முடிவு பண்ணீங்களா எடிட்டிங்ல எடுத்தீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க, மனுஷன் நிமிந்து உக்காருவாரு. அப்புறம், நம்ம பேச்சுல கேளுங்க. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க நெறய பேரு, தமிழ் தப்பா வந்துடுமோன்னு கையே தூக்க மாட்டாங்க. படத்த நீங்களும் அவங்க அளவுக்கு தான் பாத்தீங்க, தயங்காதீங்க.

ஈவ்னிங் ஷோன்னா பஸ்ஸ முன்னாடியே பாத்துடுங்க. சேலம் பெங்களூர் வண்டி ராத்திரியிலயும் ஓடுது, ஆனா நெறய வண்டி பைபாஸ்லயே போயிடும், பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. கிராமத்து டவுன் பஸ் கடைசி டிரிப் போயிடுச்சுன்னா அவ்ளோ தான், கேள்வி நேரம் லேட்டாகும்னு வெச்சு தான் கணக்கு போடணும்.

கேள்வி நேரத்தையே கேன்சல் பண்ணிட்டாங்கன்னா மேடைகிட்ட செல்ஃபிக்கு முண்டாதீங்க, டைரக்டர கார்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. வெளிய டீக்கடையில அசிஸ்டன்ட் டைரக்டருங்க, எடிட்டரு எல்லாம் நிப்பாங்க, அவங்கள யாரும் கண்டுக்க மாட்டாங்க, படத்தப் பத்தி எல்லாமே தெரிஞ்சவங்க அவங்க தான். அந்த எட்டு நிமிஷ ஷோவுல எனக்கு மைக் வரல. கேள்விய நோட்டுல எழுதி, கிழிச்சு, கீழ என் நம்பர் போட்டு ஒரு அசிஸ்டன்ட் தம்பிகிட்ட குடுத்துட்டு வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு டைரக்டரே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு, நாலு நிமிஷம்.