டைமாஜினை வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள்: சாமுராய் அரக்கப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல் சிலையின் நெற்றியில் ஒரு தடித்த இரும்பு உளியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். உளி இறங்க இறங்க, கல்லிலிருந்து ரத்தம் கோடு போட்டு வழிகிறது. அடித்தவர்கள் அலறி ஓட, பூமி பிளந்து அவர்களை விழுங்குகிறது. 1966 ஏப்ரலில் ஜப்பானில் வெளியான 'டைமாஜின்' படத்தில் இந்த இடம் வருவதற்குள் பாதிப் படம் எப்போதோ தாண்டியிருக்கும். அதுவரை பொறுக்காமல், "அரக்கன் எப்ப வருவான்?" என்று படத்தை வேகமாக முன்னே ஓட்டிவிடுவதுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான்.

மொத்தம் 84 நிமிடப் படம். சிலை உயிர்பெற்று நடப்பது கிட்டத்தட்ட கடைசிக் கால் பகுதியில் மட்டுமே. மிச்சமெல்லாம் முறையான ஜிடாய்கெகி, அதாவது வாள்வீரர் காலத்துச் சரித்திரப் படம். குருட்டு வாள்வீரன் ஸாடோயிச்சியின் படங்களை எடுத்த டையெய் நிறுவனத்தின் கியோட்டோ ஸ்டுடியோவில்தான் இதுவும் உருவானது. ஒரே ஆண்டில் வந்த மூன்று டைமாஜின் படங்களையும் இயக்கிய கிமியோஷி யசுதா, கென்ஜி மிசுமி, கசுவோ மோரி மூவருமே ஸாடோயிச்சி படங்களும் எடுத்தவர்கள். சரித்திரப் படத்தில் ஊறிய அந்தக் கைகள் அரக்கனைத் தொட்டதால்தான் இந்தப் படங்கள் இன்றும் நிற்கின்றன. எஜமானைக் கொன்று கோட்டையைப் பிடித்த துரோகி, மலையில் ஒளிந்து வளரும் அண்ணனும் தங்கையும், பத்து ஆண்டு அடிமை வேலையில் நொறுங்கும் ஊர் என்று கோபம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சிலை தன் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி ஒரு முறை இழுக்க, சாந்தமான கல்முகம் பச்சை படர்ந்த அரக்க முகமாக மாறுகிறதே, அந்த ஒரு நொடிக்குக் கனம் கொடுப்பது முன்னால் போன அந்த ஒரு மணி நேரம்தான். அதை வெட்டிவிட்டால் எஞ்சுவது சுவரை உடைக்கும் ஒரு ரப்பர் உடை மட்டுமே.

அடுத்த தவறு, கோட்ஸில்லாவின் அளவுகோலோடு உட்கார்வது. 1954-இன் கோட்ஸில்லா 50 மீட்டர் உயரம். டைமாஜின் சுமார் 4.5 மீட்டர்தான், நம் வீட்டுக் கணக்கில் ஒன்றரை மாடி. "இவ்வளவு சின்னதா?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: 50 மீட்டர் மிருகத்துக்கு மனிதன் கண்ணிலேயே பட மாட்டான். 4.5 மீட்டர் சிலை குனிந்து ஒரு ஆளை இடுப்போடு பிடித்துத் தூக்கும், துரத்தும், முகத்துக்கு முகம் பார்க்கும். தண்டனை இங்கே பெயர் சொல்லி வருகிறது.

இந்த அளவில் ஒரு தொழில்நுட்ப லாபமும் உண்டு. 1.8 மீட்டர் ஆள் உடைக்குள் நின்றால், சுற்றியுள்ள வீடுகள் நிஜத்தில் 2.5-இல் ஒரு பங்கு இருந்தால் போதும். கோட்ஸில்லாவுக்கோ ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு வேண்டும். மாதிரி வீடு பெரிதாக இருந்தால் ஓட்டின் விளிம்பு, மரத்தின் நரம்பு, சிதறும் மண்கட்டி எல்லாம் நிஜம் போலவே தெரியும். பொருள் விழும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ, அதன் வர்க்கமூல அளவுக்குக் கேமராவின் வேகத்தைக் கூட்டி எடுத்து, சாதாரண 24 ஃபிரேமில் ஓட்ட வேண்டும்; அப்போதுதான் அது நிஜப் பொருள் போல மெதுவாக, கனமாக விழும். 25 மடங்கு சிறிய மாதிரிக்கு 5 மடங்கு வேகம், அதாவது நொடிக்கு 120 ஃபிரேம். 2.5 மடங்குக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு, அதாவது 38 ஃபிரேம் போதும். இந்தக் கணக்கு தப்பினால் கோட்டைச் சுவர் அட்டைப்பெட்டி போல விழும். மலிவான அரக்கப் படங்களில் கண் உடனே "பொம்மை" என்று சொல்லிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடை அல்ல, விழும் வேகம்தான்.

அதனால்தான் டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற வசதியை இந்தப் படங்களுக்குக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், படத்துக்கான செட்டிங்கில் இருக்கும். படத்தில் இல்லாத ஃபிரேம்களை அந்த வசதி இடையில் செருகி அசைவை வழுக்க வைக்கும். அப்போது செட் செட்டாகவும் உடை உடையாகவும் பல்லிளிக்கும். திரையின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையை 'ஜூம்' போட்டு மறைப்பதும் கூடாது. டையெய்ஸ்கோப் அகலத்திரையில் ஒரு ஓரத்தில் சிலையின் கால், மறு ஓரத்தில் ஓடும் வீரர்கள் என்று காட்சியை அமைத்திருப்பார்கள். ஜூம் போட்டால் இரண்டில் ஒன்று காணாமல் போகும். ஒலியும் முக்கியம். மூன்று படங்களுக்கும் இசை அகிரா இஃபுகுபே, கோட்ஸில்லாவுக்கு இசையமைத்த அதே மனிதர். கீழ்ஸ்தாயிப் பித்தளை வாத்தியங்களில்தான் சிலையின் நடை இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது எடுபடாது, ஹெட்போனாவது போடுங்கள்.

டைமாஜினின் கண்களைப் பாருங்கள். முகமூடிக்குள்ளிருந்து தெரிபவை நிஜக் கண்கள். உடைக்குள் இருந்தவர் ரிக்கி ஹாஷிமோட்டோ, முன்னாள் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். தூசி பறக்கும் செட்டில் இமைக்காமல் நின்று நடித்தார், கண்கள் ரத்தச் சிவப்பாகிவிட்டன. அந்தச் சிவப்புதான் நம்மை முறைக்கிறது. 1972-இல் புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் சுசுகி என்ற வில்லனாக வந்தவரும் இவர்தான்.

எல்லாவற்றையும் "லோ பட்ஜெட்" என்று ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறு. டைமாஜின் சிக்கனப் படம் அல்ல. சிக்கனம் தெரிவது அதற்குப் பின் 1968-69-இல் அதே நிறுவனம் எடுத்த மூன்று யோகாய் படங்களில். யோகாய் என்றால் ஜப்பானிய நாட்டுப்புறப் பேய் பூதங்கள். ஒற்றைக்கண், ஒற்றைக்கால், நீட்டிய நாக்கோடு குதிக்கும் குடைப்பேயைப் பார்த்ததும் "இது கம்பியில் ஆடும் பொம்மைதானே" என்று தோன்றும். பொம்மைதான். ஆனால் பழைய குடை பேயாகும் என்ற நம்பிக்கையும், அதை அப்படியே வரைந்த ஓவியங்களும் எடோ காலத்திலிருந்து (1603–1868) வருபவை. அந்த ஓவியம் எழுந்து நடப்பது போலத்தான் அதைச் செய்தார்கள். நிஜ மிருகம் போலக் காட்டுவது அவர்கள் நோக்கமே அல்ல. இரண்டாவது யோகாய் படத்தில் பாபிலோனியாவிலிருந்து வரும் ரத்தம் குடிக்கும் அரக்கன் ஒரு அதிகாரியின் உருவில் புகுந்துகொள்ள, உள்ளூர்ப் பேய்கள் கூட்டம் சேர்ந்து அவனை எதிர்க்கின்றன. குழந்தைகளோடு பார்க்க இதுவே சரியான தொடக்கம். டைமாஜின் முதல் படத்தை அவர்களுக்குப் போட வேண்டாம், கொடுமைக் காட்சிகள் உண்டு.

பிரதி தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம். டைமாஜின் இரண்டாம், மூன்றாம் படங்களின் ஆங்கிலத் தலைப்புகள் வெளியீட்டுக்கு வெளியீடு குழம்பிக் கிடக்கின்றன, தலைப்பை நம்பி வாங்காதீர்கள். ஏரி பிளந்து வழிவிட்டால் அது இரண்டாவது. பனிமலையும் நான்கு சிறுவர்களும் வந்தால் மூன்றாவது. சிலை வாளை உருவுவது அந்த மூன்றாவதில்தான். கதைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஒரே நாளில் மூன்றையும் பார்த்தால் காத்திருப்பின் அழுத்தம் தேய்ந்துபோகும், வாரம் ஒன்று போதும்.

இன்னொன்று, ஆங்கில டப்பிங். 1966 டிசம்பரில் டோயெய் என்ற வேறொரு நிறுவனம் ராட்சசத் தவளையையும் டிராகனையும் மோதவிட்ட படம் ஒன்றை வெளியிட்டது. அதில் வரும் ஜிரையா, ஒரோச்சிமாரு, சுனாதே என்ற பெயர்கள் 'நருடோ' அனிமே தொடர் பார்த்தவர்களுக்குப் பழக்கமானவை. அந்தப் பழைய நாட்டுக்கதைதான் இரண்டுக்கும் வேர். அமெரிக்க டிவிக்காக 'தி மேஜிக் சர்ப்பென்ட்' என்று டப் செய்தபோது டிராகனின் குரலை எடுத்துவிட்டுக் கோட்ஸில்லாவின் உறுமலை ஒட்டினார்கள். டிராகன் வாயைத் திறந்ததும் கோட்ஸில்லா உறுமினால், நீங்கள் பார்ப்பது அந்தப் பிரதி. நிறுத்திவிட்டு ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் உள்ளதைத் தேடுங்கள்.

கடைசியாக, டைமாஜினை ஊரைக் காக்க வந்த கதாநாயகன் என்று எடுத்துக்கொண்டால் முதல் படத்தின் முடிவு குழப்பும். தன் நெற்றியில் இருந்த உளியைப் பிடுங்கி அதனாலேயே துரோகியைக் குத்திக் கொன்ற பிறகும் சிலை நிற்காது. வேண்டிக்கொண்ட மக்களின் பக்கமே திரும்பி மிதிக்கத் தொடங்கும். அது கோபம் கொண்ட தெய்வம், அதற்குப் பக்கம் கிடையாது. அந்தத் தங்கை கோசாசா அதன் காலடியில் விழுந்து அழுகிறாள். கண்ணீர் பட்டதும் அரக்க முகம் மறைகிறது, கல் மண்ணாகச் சரிகிறது.