ஒன்பது அங்குலத்தில் தோற்ற ஆட்டம்

சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் மோதவிடும் ஏஜ் ஆஃப் சிக்மர் ஆட்டத்தில் மூன்றாம் சுற்றிலேயே என் படை உடைந்துபோனது. அன்று இரவு முழுக்கப் பகடையைத்தான் குறை சொன்னேன். மறுநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தவறு வேறு இடத்தில் இருந்தது.

குதிரைப்படையை எதிரியிடமிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி நிறுத்திவிட்டு, பாய்ந்து தாக்கலாம் என்று நம்பியிருந்தேன். பாய்ச்சலுக்கு இரண்டு பகடை உருட்டுவோம்; வரும் கூட்டுத்தொகை அளவு அங்குலம்தான் பாய முடியும். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் விழ, 36-ல் 10 வாய்ப்புகள்தான். சுமார் 28 சதவீதம். 7 போதும் என்றால் 36-ல் 21. இரண்டே அங்குலம் நெருங்கியிருந்தால் வாய்ப்பு இரட்டிப்பாகியிருக்கும்! இப்போது பாய்ச்சலை அறிவிக்கும் முன்பல்ல, படையை நகர்த்தும்போதே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுகிறேன்.

அப்புறம் அந்த இரட்டை முறை, அதாவது ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை ஆடுவது. சுற்றின் தொடக்கத்தில் யார் முதலில் ஆடுவது என்பதற்கும் பகடை உண்டு. இரண்டாம் சுற்றில் எனக்குப் பின்னால் ஆடிய எதிராளி மூன்றாம் சுற்றில் முதலில் வந்தார். தொடர்ந்து இரண்டு முறை அடி விழுந்தது. முன்னால் தடுக்க எனக்கு ஆளே இல்லை. என்னைப் பொறுத்தவரை, பாய்ச்சல் தவறியதைவிட இதுதான் பெரிய பிழை.

சரி, படையிலிருந்து ஒரு பெரிய அரக்கனை நீக்கிவிட்டு, அதற்குச் செலவான புள்ளிகளில் மலிவான காலாட்படை இரண்டைச் சேர்த்தேன். அவற்றைக் குதிரைகளுக்கு முன்னால் நீள வரிசையாகப் பரப்பினேன். அடுத்த ஆட்டத்திலும் அவருக்கே இரட்டை முறை கிடைத்தது. காலாட்கள் விழுந்தார்கள், குதிரைகள் நின்றன.