ஒரு ருஷ்ய ஊர், ஒரு மாலை: வாசகர் வட்டத்தில் நடத்துவது எப்படி

ருஷ்யா என்றாலே நம் வாசகர் வட்டங்களில் டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, கார்க்கி என்று பேச்சு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரிய பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நடுத்தர ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே பிறந்தவர்கள், வளர்ந்தவர்கள், வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள் எல்லாரையும் ஒரே மாலையில் பேசிப் பாருங்கள். கவிஞரும் ரயில் பட்டறைத் தொழிலாளியின் மகனும் விண்வெளிக்குப் போனவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரிய வரும்போது, கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வட்டத்தில் வொரோனெஷ் நகரத்தை வைத்து இதைச் செய்தோம். மற்ற வட்டங்களும் செய்ய வேண்டும் என்ற ஆசையில் முறையை எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுப்பது. மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் வேண்டாம். எல்லாரும் போய்ச் சேர்ந்த ஊர்கள் அவை. பட்டியல் எழுதி முடியாது. சின்னக் கிராமமும் சரிப்படாது. நமக்கு ஏதாவது ஒரு பிடிப்பு இருக்கிற ஊராகப் பார்ப்பது நல்லது. நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். வொரோனெஷில் கடலே கிடையாது. ஆனாலும் ருஷ்யாவின் முதல் போர்க்கப்பல் அணியைப் பேரரசர் பீட்டர் 1696இல் அங்கேதான் கட்டினார். கப்பல்களை ஆற்றில் இறக்கி, தோன் நதி வழியாக அஸோவ் கோட்டைக்குக் கொண்டுபோய், அதே ஆண்டு அதைத் துருக்கியரிடமிருந்து பிடித்தார். 1700இல் அங்கே நீரில் இறங்கிய, 58 பீரங்கிகள் கொண்ட கப்பல் ஒன்றின் மறுவடிவம் இன்று அதே ஊரில் மிதக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பட்டறையில் வேர்வை சிந்தியவனுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் ரியாஸானை எடுக்கலாம். உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ் 1849இல் பிறந்த ஊர் அது.

ஊர் முடிவானதும் ஒரு நீளமான நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், எந்த வயதில் ஊரை விட்டுப் போனார், திரும்பி வந்தாரா, ஊருக்கும் அவருக்கும் என்ன உறவு. கடைசிக் கேள்விக்குத்தான் அதிக இடம் விட வேண்டும். இணையத்தில் கிடைக்கிற 'இந்த ஊரின் பிரபலங்கள்' பட்டியல்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். அதை அப்படியே வாசித்தால் கூட்டம் பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடும். உறவைப் பிரித்துச் சொன்னால்தான் ஆட்கள் உயிரோடு வருவார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதற்கு வொரோனெஷ் நல்ல பாடம். இவான் பூனின் அங்கே 1870இல் பிறந்தார். 1933இல் இலக்கிய நோபல் பெற்ற முதல் ருஷ்யர் அவர். ஆனால் அவருக்கு நான்கு வயது நிறைவதற்குள் குடும்பம் யெலெத்ஸ் பக்கம் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டது. ஆக, அவர் பிறந்து போனவர். சமுயீல் மர்ஷாக், பிள்ளைகளுக்குக் கவிதை எழுதியவர், 1887இல் அங்கே பிறந்தார். அவரும் சின்ன வயதிலேயே போய்விட்டார். கல்த்ஸோவ் (1809–1842), நிகீதின் (1824–1861) என்ற இரண்டு கவிஞர்கள் கதை வேறு. அங்கேயே பிறந்து, அங்கேயே பிழைத்து, அங்கேயே இறந்தவர்கள். கல்த்ஸோவ் மாட்டு வியாபாரியின் மகன், அப்பாவின் தொழிலையே பார்த்தார். நிகீதின் விடுதி நடத்தினார், பிறகு 1859இல் புத்தகக் கடை திறந்தார். ஊரின் பேச்சு இவர்கள் பாட்டில்தான் இருக்கிறது.

இனி விரும்பி வராதவர். கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் வார்சாவில் பிறந்தவர். ஸ்டாலினைப் பற்றிய ஒரு கவிதைக்காக 1934இல் கைதாகி, தண்டனையாக முதலில் வேறொரு ஊருக்கு அனுப்பப்பட்டு, பிறகு வொரோனெஷ் வந்து சேர்ந்தார். 1937 வரை அங்கேதான் இருந்தார். பிறந்த ஊர் என்று மட்டும் பார்த்தால் இவர் பட்டியலிலேயே வர மாட்டார். ஆனால் அவர் அங்கே எழுதிய கவிதைகளுக்கே 'வொரோனெஷ் நோட்டுப் புத்தகங்கள்' என்று பெயர். 1936இல் கவிஞர் அக்மதோவா அவரைப் பார்க்க ரயிலேறி வந்து, ஊரின் பெயரிலேயே ஒரு கவிதை எழுதினார். இவரை விட்டுவிட்டு வொரோனெஷ் பற்றிப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பிறந்தவர்கள் மட்டும்' என்று யாராவது விதி போட்டால் விடாமல் வாதாடுங்கள். நம் வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களையே பாருங்கள்: மன்னார்குடியில் பிறந்து தெம்பனீஸில் முப்பது வருஷம் இருப்பவர், ஈப்போவில் பிறந்து உட்லண்ட்ஸில் இருப்பவர். இவர்களை எந்த ஊர்ப் பட்டியலில் சேர்ப்பது?

ஊரா மாவட்டமா என்பதிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து வொரோனெஷ் மாகாணம் பெரியது. ஓவியர் கிராம்ஸ்கோய் பிறந்தது அதிலுள்ள அஸ்த்ரகோஷ்ஸ்கில். இயற்பியல் அறிஞர் செரென்கோவ் பிறந்தது நோவயா சிக்லா என்ற கிராமத்தில். ஆனால் செரென்கோவ் 1928இல் பட்டம் வாங்கியது வொரோனெஷ் பல்கலைக்கழகத்தில். அணு உலைத் தண்ணீரில் தெரியும் நீல ஒளிக்கு இவர் பெயர்தான், 1958இல் நோபல் பகிர்ந்துகொண்டார். அதனால் இவரை 'படிக்க வந்தவர்' என்று சேர்த்துக்கொண்டோம். கிராம்ஸ்கோயைச் சேர்க்கவில்லை.

தேதி விஷயம் சுருக்கமாக. ருஷ்யா 1918 பிப்ரவரியில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. 19ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள் கூட்ட வேண்டும், 1900 மார்ச்சிலிருந்து 13. பூனினின் பிறந்தநாளை ஒரு புத்தகம் அக்டோபர் 10 என்றும் இன்னொன்று 22 என்றும் சொல்வது இதனால்தான். இரண்டையும் எழுதி, எது பழையது எது புதியது என்று குறித்துவிட்டால் சண்டை வராது.

பெயர்கள். ருஷ்யர்களுக்கு நடுப்பெயர் அப்பாவின் பெயரிலிருந்து வருவது. அடையாள அட்டையில் 'எஸ்-ஓ' (இன்னாரின் மகன்) போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. எழுத்தாளர் பிளத்தோனவை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் பிடிக்கும். அவர் இயற்பெயர் ஆந்திரேய் பிளத்தோனவிச் கிளிமெந்தவ். அப்பா பெயர் பிளத்தோன், ரயில் பட்டறைத் தொழிலாளி. எழுத வந்தபோது மகன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, அப்பாவின் பெயரிலிருந்து பிளத்தோனவ் என்று வைத்துக்கொண்டார். தன் பிள்ளைக்கும் தாத்தாவின் பெயரையே வைத்தார், நம் வீடுகளில் வைப்பது மாதிரியே. தமிழில் எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் அட்டைகளிலும் திரையிலும் அறிவிப்பிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எல்லாருக்கும் சமமாக நேரம் கொடுக்காதீர்கள். ஆறு பேர் போதும். இரண்டு பேருக்கு இருபது நிமிடம், மற்றவர்களுக்கு ஐந்தைந்து. எங்கள் மாலையில் அந்த இருவர் பிளத்தோனவும் விண்வெளிக்குப் போன ஃபியக்தீஸ்தவும்.

பிளத்தோனவ் 1899இல் ஊர் ஓரத்துத் தொழிலாளர் பேட்டையில் பிறந்தார். சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார். கவிதையும் கட்டுரையும் பத்திரிகைகளில் எழுதி, பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில் 1921 வறட்சியும் பஞ்சமும் வந்தன. எழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மாகாணத்தில் கிணறும் குளமும் வெட்டும் வேலைக்குப் போனார். நூற்றுக்கணக்கில் வெட்டினார்கள், சின்ன மின்நிலையங்களும் கட்டினார். அப்புறம்தான் பெரிய நாவல்கள். 1930இல் எழுதிய 'அஸ்திவாரக் குழி' சோவியத் நாட்டில் அச்சேறியது 1987இல். மகன் பதினைந்து வயதில் கைது செய்யப்பட்டு, காசநோயோடு திரும்பி வந்து 1943இல் இறந்தான். அப்பாவும் 1951இல் அதே நோயில் போனார். இதைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். கிணறு வெட்டிய பகுதியைச் சொல்ல ஊரில் விவசாயம் பார்த்த ஒருவரை அழையுங்கள். தண்ணீர் இல்லாத நிலம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கன்ஸ்தந்தீன் ஃபியக்தீஸ்தவ் 1926இல் வொரோனெஷில் பிறந்தார். 1942 ஜூலையில் ஜெர்மானியப் படை ஊரின் ஒரு பாதியைப் பிடித்தது. பதினாறு வயதுப் பையன் சோவியத் படைக்கு வேவு பார்க்க ஊருக்குள் போய் வந்தான். ஒரு தடவை பிடிபட்டான். குழியின் ஓரத்தில் நிற்க வைத்துச் சுட்டார்கள்; குண்டு தாடையில் நுழைந்து கழுத்து வழியாக வெளியேறியது. செத்துவிட்டான் என்று விட்டுப் போனார்கள். குழியிலிருந்து ஏறி, தப்பி, தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தான். 22 வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 12 அன்று, வஸ்ஹோத்-1 கலத்தில் விண்வெளிக்குப் போன மூவரில் அவர் ஒருவர். அந்தக் கலங்களை வடிவமைத்த பொறியாளர் குழுவில் இருந்தவரும் அவரே. இடம் போதாததால் மூவரும் விண்வெளி உடை இல்லாமல்தான் போனார்கள். இந்தக் கதையை வட்டத்தின் இளைய உறுப்பினரிடம் கொடுங்கள். எங்களிடம் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி சொன்னாள். அவளுக்கும் அதே வயது.

இன்னொன்று: அந்தப் போரில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. 1943 ஜனவரி 25இல்தான் மீண்டது. அதனால் 'பிறந்த வீடு' என்று படம் காட்டுமுன், அது அசல் கட்டடமா, திரும்பக் கட்டியதா என்று பாருங்கள்.

நாள் குறிப்பதற்கு அக்டோபர் பொருத்தம். நிகீதின் 3, கல்த்ஸோவ் 15, பூனின் 22 எல்லாம் புதிய நாட்காட்டிப்படி அக்டோபர் பிறந்தநாட்கள். விண்வெளிப் பயணமும் அக்டோபர்தான். தீபாவளி எப்போது என்று பார்த்து, அதற்கு இரண்டு வாரமாவது முன்னால் வையுங்கள். தேக்கா கடைத்தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்த பிறகு சனிக்கிழமை மாலை யாரும் கிடைக்க மாட்டார்கள். வட்டார நூலக அறைக்கோ சமூக மன்ற அறைக்கோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுவரில் ஒரு பெரிய வரைபடம்: வொரோனெஷ், தோன் நதி, அஸோவ், யெலெத்ஸ், மாஸ்கோ. ஒவ்வொருவரும் போன வழியை வண்ண நூலால் பிள்ளைகள் குத்திக் காட்டட்டும். பூனினின் நூல் பாரிஸ்வரை போகும், இன்னொரு கிளை கொழும்புக்கும் வரும்: 1911இல் அவர் இலங்கைக்கு வந்தார், கொழும்பு ரிக்‌ஷாக்காரர் ஒருவரை வைத்து 'சகோதரர்கள்' என்ற கதை எழுதினார். யாழ்ப்பாணக் குடும்பங்கள் வந்திருந்தால் அந்தக் கதையிலிருந்து ஒரு பக்கம் வாசியுங்கள்.

பேசுபவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ஆளைப் பிரித்துக் கொடுங்கள். தாளைப் பார்த்து வாசிக்க வேண்டாம், அட்டையில் ஐந்து வரி போதும். வீட்டில் மாஸ்கோ பதிப்பகத்தின் பழைய தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் முத்திரையோடு வரும் அவற்றைத் தொட்டுப் பார்க்கவே பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். வடையும் டீயும் பேச்சு முடிந்த பிறகு வரட்டும்.

அட்டைகளையும் நோட்டையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஊருக்கும் அதே கட்டங்கள்தான். நாங்கள் தகன்ரோக் எடுக்கப்போகிறோம். எழுத்தாளர் செகாவ் 1860இல் பிறந்து, 1879 வரை பள்ளியில் படித்த துறைமுக ஊர். சகலின் தீவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, 1890இல், அவர் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ துக்கமாக இருந்தது, அழுகை வராத குறை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இங்கிருந்து போய் இறங்கிய இலங்கையோ அவருக்குச் சொர்க்கமாகப் பட்டது. அந்தக் கடிதத்தைத் தமிழில் வாசிக்க ஒரு ஆள் வேண்டும், குரல் நன்றாக இருப்பவராகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.