மேற்கு பார்த்த ஜன்னலுக்கு மூங்கில் திரை: தேர்வு, பக்குவம், மாட்டும் முறை

மாலை நான்கு மணி வெயில் சன்ஷேடுக்குக் கட்டுப்படாது. உச்சி வெயிலை அது மறைத்துவிடும். சூரியன் மேற்கே சாய்ந்ததும் கதிர் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து நேராகக் கண்ணாடியில் விழும். உள்ளே துணித் திரை போட்டால் கண் கூசுவது நிற்கும், ஆனால் அறை சூடாவது பெரிதாகக் குறையாது. வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே! அதனால் மூங்கில் திரை வாங்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறமோ பின்னலோ அல்ல, கண்ணாடிக்கு வெளியே மாட்டப்போகிறோமா, உள்ளேயா என்பதுதான். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியேதான். உள்ளே மாட்டினால் அழகும், ஓரளவு மறைப்பும், ஜன்னலைத் திறந்து வைத்தால் இடுக்கு வழியே காற்றும் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியே மாட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் மர ஜன்னல்களின் கதவு வெளிப்பக்கம் திறப்பது. நாலடி அகல ஜன்னலில் ஒவ்வொரு கதவும் ஏறக்குறைய இரண்டடி வெளியே வரும். சுவரை ஒட்டித் திரையை மாட்டினால் கதவைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஜன்னலுக்குக் கதவு தாண்டிப்போகும் தூரத்தில், சன்ஷேடின் வெளி விளிம்புப் பக்கமாக மாட்ட வேண்டும். சன்ஷேடு அவ்வளவு நீளமில்லை என்றால் உள்ளே மாட்டுவதே வழி. நகர்த்தும் வகை யுபிவிசி, அலுமினிய ஜன்னல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பால்கனி எல்லாவற்றையும்விட வசதி.

கீழே வரும் அளவுகள், நான்குக்கு நான்கு அடி நகர்த்தும் ஜன்னலுக்கு, சன்ஷேடின் அடிப்பக்கத்திலிருந்து தொங்கவிடும் திரைக்கானவை. உங்கள் ஜன்னலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: அளவெடுப்பது

வெளியே தொங்கும் திரை, ஜன்னலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் 4 அங்குலம் கூட்டினால் அகலம் 4 அடி 8 அங்குலம். மே, ஜூன் மாதங்களில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, சற்று வடக்கே தள்ளி மறையும். அதனால் சன்ஷேடின் விளிம்பில், சுவரைவிட்டுத் தள்ளி மாட்டுகிறவர்கள் வடக்குப் பக்கம் இன்னும் அரை அடி சேர்த்துக்கொள்வது நல்லது. உயரத்தைச் சன்ஷேடின் அடியிலிருந்து ஜன்னலின் கீழ்ச்சட்டம் வரை அளந்து, அதற்கும் கீழே 6 அங்குலம் விடுங்கள். நம் ஜன்னலுக்கு 5 அடி என்று வைத்துக்கொள்வோம்.

உள்ளே, ஜன்னல் குழிக்குள் மாட்டுவதானால் கணக்கு தலைகீழ். குழியின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்து, அதிலிருந்து ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். பூச்சு வேலை எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்காது. கழிக்காமல் ஆர்டர் கொடுத்தால் திரை பாதியில் சுவரில் உரசி நிற்கும்.

சுருட்டினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்தடித் திரை சுருண்டதும் 4 முதல் 5 அங்குலத் தடிமனில் மேலே தொங்கும். பின்னால் துணி தைத்திருந்தால் இன்னும் தடிமன். ஜன்னலின் மேல்பகுதி அந்த அளவுக்கு எப்போதும் மறைந்தே இருக்கும்.

அகலம் 6 அடிக்கு மேல் போனால் ஒரே திரையாக வாங்காதீர்கள். மேல் கட்டை நடுவில் தொய்யும், சுருட்டும்போது கோணலாக ஏறும். இரண்டாகப் பிரித்து, நடுவில் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மாட்டுங்கள்.

படி 2: திரையைத் தேர்ந்தெடுப்பது

மூங்கில் மரமல்ல, புல். வெட்டிய தூரிலிருந்தே திரும்ப முளைக்கும், மூன்று நான்கு ஆண்டுகளில் முற்றிவிடும். தோட்டத்து மூங்கிலையும் மரக் கணக்கில் வைத்திருந்த 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில் அந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதுவரை அதை வெட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோவது விவசாயிகளுக்குப் பெரும் தலைவலி. இதெல்லாம் மூங்கிலுக்குச் சாதகமான விஷயங்கள். ஆனால் கடையில் மூங்கில் திரை என்று விற்பதெல்லாம் மூங்கில் அல்ல. மூங்கில் கோலம் அச்சிட்ட பிவிசி பட்டைகள் ஏராளம். பார்த்தாலே தெரியும்: நிஜ மூங்கிலில் கணுக்கள் ஒழுங்கில்லாமல் வரும், பிவிசியில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். வெட்டு முனையைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் மூங்கில், வழுவழுப்பாக இருந்தால் பிளாஸ்டிக். நிஜ மூங்கில் திரையின் பின்னாலும் பாலியஸ்டர் துணி தைத்துத் தருகிறார்கள். சுற்றுச்சூழலை நினைத்து வாங்குபவர்கள் அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். காடாத் துணியைக் கொக்கி வைத்துத் தனியாக மாட்டிக்கொண்டால் துவைக்கவும் வசதி. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது பின்துணி இல்லாத திரைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெருவிலிருந்து தெரியும். படுக்கையறைக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரத்தில் ஏணியும் தட்டியும் பின்னி விற்பவர்களிடம் சொல்லிச் செய்வது பெரும்பாலும் நல்ல தேர்வு. வார்னிஷ் அடிக்காத திரையாகக் கிடைக்கும். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் வருகிறது. சொல்லும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிளாச்சுகளின், அதாவது மூங்கிலைப் பிளந்து எடுத்த பட்டைகளின், வழுவழுப்பான தோல் பக்கம் வெளியே, மழையும் வெயிலும் படும் பக்கமாக, இருக்க வேண்டும். உள்சதைதான் ஈரத்தை இழுக்கும். அடி முனையையும் நுனி முனையையும் மாற்றி மாற்றி வைத்துப் பின்ன வேண்டும். மூங்கில் நுனிக்குப் போகப் போக மெலியும் என்பதால், எல்லா அடிமுனையும் ஒரே பக்கம் வந்தால் சுருட்டும்போது ஒரு பக்கம் தடித்து, கூம்பு மாதிரி ஏறும். மூன்றாவது, பின்னும் நூல். பருத்தி நூல் மழையில் அழுகும், நைலான் வெயிலில் நொறுங்கும். வெளியே மாட்டும் திரைக்குப் பாலியஸ்டர் நூல்தான் தாக்குப்பிடிக்கிறது. இதில் மட்டும் பிளாஸ்டிக்கோடு சமரசம் செய்துகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

வாங்கும் முன் திரையைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்து நன்றாகத் தட்டுங்கள். வெளிர் மஞ்சள் மாவு கொட்டினால், குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள் தெரிந்தால், உளுவண்டு உள்ளே இருக்கிறது. பேரம் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள்.

படி 3: உளுக்காமல் பக்குவம் செய்வது

வண்டுக்கு வேண்டியது மூங்கிலில் உள்ள மாவுச்சத்து. அதைத் தின்ன முடியாமல் செய்ய வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும் போதும். இரண்டும் 3:2 விகிதம். நம் அளவுத் திரைக்கு:

வெதுவெதுப்பான தண்ணீர் 2 லிட்டர்
வெங்காரம் 120 கிராம்
போரிக் பவுடர் 80 கிராம்

முழுக்கக் கரையும் வரை கலக்குங்கள். அடியில் தங்கினால் தண்ணீர் ஆறிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளலாம். கையுறை போட்டு, 3 அங்குல பிரஷால் இரண்டு பக்கமும் நன்றாக நனையும்படி அடியுங்கள். வெட்டு முனைகளுக்கும் கணுக்களுக்கும் கூடுதலாக ஊற்றித் தேயுங்கள், ஏனென்றால் வழுவழுப்பான தோல் எதையும் உறிஞ்சாது. மருந்து உள்ளே போவது முனை வழியாகவும் சதைப் பக்கம் வழியாகவும்தான். ஐந்தாறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு நிழலில் மூன்று நான்கு நாள் காய விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று உச்சி வெயிலில் போட்டால் பிளாச்சு வெடிக்கும்.

ஏற்கெனவே வார்னிஷ் அடித்த திரையில் இதைச் செய்வது வீண் வேலை, மருந்து மேலேயே வழிந்துவிடும். கரைசலைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்காத இடத்தில் வையுங்கள். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செடி கருகிவிடும்.

இந்த மருந்து தண்ணீரில் கரைவது என்பதால் மழை பட்டால் மெல்ல மெல்ல வெளியேறும். எனவே வெளித் திரைக்கு மேல்பூச்சு கட்டாயம். தண்ணீர் கலந்து அடிக்கும் வகை (வாட்டர் பேஸ்டு) தெளிந்த வார்னிஷ், மெல்லிய பூச்சாக இரண்டு முறை. தடிமனாக ஒரே முறை அடித்தால் பிளாச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதல் தடவை சுருட்டும்போதே உரிந்துவிடும். முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது திரையை ஒரு முறை மடக்கி விரித்தால் ஒட்டல் விட்டுவிடும். உள்ளே மாட்டும் திரைக்குப் பூச்சு தேவையில்லை.

படி 4: கொக்கி அடிப்பது

சன்ஷேடின் அடிப்பக்கம் துளை போடும் முன் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, பூச்சு உப்பி, துருக்கறை தெரிந்தாலோ அங்கே துளை போட வேண்டாம். கம்பி துருப்பிடித்த சன்ஷேடு திரையோடு சேர்ந்து கீழே வரும். நல்ல நிலையில் இருந்தால், விளிம்பிலிருந்து குறைந்தது 3 அங்குலம் உள்ளே தள்ளி, ஹேமர் டிரில்லில் துளை போடுங்கள். ஆழம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், சன்ஷேடு விளிம்பில் மெல்லியதாகத்தான் இருக்கும். டிரில் பிட்டில் ஒன்றரை அங்குலத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் அளவு தவறாது. தலைக்கு மேல் தொங்கும் பாரம் என்பதால் பிளாஸ்டிக் பிளக்கைவிட, கொக்கி வைத்த 6 மில்லி ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆணி) நம்பிக்கையானது. அதற்கு எந்த அளவுத் துளை வேண்டும் என்பதைக் கடையில் கேட்டே பிட்டை வாங்குங்கள். 4 அடி 8 அங்குலத் திரைக்கு இரண்டு கொக்கி, இரு முனையிலிருந்தும் 6 அங்குலம் தள்ளி. ரசமட்டம் வைத்து இரண்டும் ஒரே மட்டமா என்று பாருங்கள்.

யுபிவிசி சட்டத்தில் ஓட்டை போடாதீர்கள். உள்ளே அறை அறையாக இருக்கும், தண்ணீர் இறங்கிவிடும். மாடி வீடென்றால் வெளிவேலையைப் பழகிய ஆளிடம் கொடுப்பதே சரி. அடுக்குமாடியில் முகப்பு மாறும் எந்த வேலைக்கும் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 5: கயிறு கோப்பது

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். ஒவ்வொரு கயிறும் மேல் கட்டையின் பின்பக்கம் முடிச்சிட்டுத் தொடங்கி, திரையின் பின்னால் இறங்கி, அடியைச் சுற்றி, முன்பக்கமாக ஏறி, மேல் கட்டையில் உள்ள கப்பிக்குள் நுழைந்து வலது ஓரம் போக வேண்டும். இப்படிக் கோத்தால் இழுக்க இழுக்கத் திரை அந்தக் கயிற்று மடிப்புக்குள்ளேயே உருண்டு, முன்பக்கமாகச் சுருளும். நேரே அடிக்கட்டையில் முடிச்சுப் போட்டால் திரை சுருளாது, கசங்கித்தான் மேலே வரும்.

இரண்டு கயிறு, இரு ஓரத்திலிருந்தும் 8 அங்குலம் தள்ளி. வலது கயிற்றின் நீளம்: பின்னால் 5 அடி, முன்னால் 5 அடி, ஓரக் கப்பி வரை முக்கால் அடி, கைப்பிடிக்கு 3 அடி, ஆக ஏறக்குறைய 14 அடி. இடது கயிறு அகலம் முழுக்கக் கடந்து வர வேண்டியிருப்பதால் 17 அடி. முடிச்சுக்கும் சேர்த்து 4 மில்லி பாலியஸ்டர் பின்னல் கயிறு 11 மீட்டர் வாங்குங்கள். கப்பி மூன்று: கயிறு ஏறும் இடங்களில் ஒற்றைக் கப்பி இரண்டு, வலது ஓரத்தில் இரட்டைக் கப்பி ஒன்று.

திரையைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் அடிக்கட்டையைக் கையால் இறுக்கமாக இரண்டு சுற்று சுருட்டி, நூலால் கட்டிவிடுங்கள். சுருளுக்கு அது ஒரு கரு. அது இல்லாவிட்டால் முதல் சுற்று தட்டையாக மடிந்து, மேலே உள்ளதெல்லாம் கோணும். இந்த இரண்டு சுற்றுக்கு உயரத்தில் நாலைந்து அங்குலம் போய்விடும், அளவு சொல்லும்போதே சேர்த்துவிடுங்கள்.

மாட்டியதும் திரையை முழுக்க இறக்கி, இரண்டு கயிற்றையும் சமமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெளிவரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒன்றாக முடிச்சிடுங்கள். ஒரு பக்கம் முந்தி ஏறினால் அந்த முடிச்சை அவிழ்த்து, முந்தும் பக்கக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் சரியாகும். பாதி தூரம் நேராக ஏறி அதன்பின் கோணினால் குற்றம் கயிற்றில் இல்லை, பிளாச்சின் தடிமனில். மெலிந்த பக்கத்தில், அடிக்கட்டையை ஒட்டி ஒரு துண்டு பிளாச்சைச் சேர்த்துக் கட்டுங்கள்.

கயிற்றைச் சுற்றிக் கட்ட இரண்டு காது வைத்த கொக்கி வேண்டும், கிளீட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தரையிலிருந்து 5 அடி உயரத்தில் அடியுங்கள். திரையை மேலே ஏற்றும்போது ஒன்பது அடிக்கு மேல் கயிறு கைக்கு வந்துவிடும். அதைத் தொங்க விடாமல் முழுக்கக் கிளீட்டில் சுற்றிவிட வேண்டும். தொங்கும் கயிறு சின்னக் குழந்தைகளின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. கட்டில், நாற்காலி எதுவும் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடி ஜன்னலில் கயிறு வெளியேதான் இருக்கும் என்பதால், ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் இடமாக, கிரில்லிலேயே கிளீட்டைக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாட்டிய பிறகு

காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடிக்கட்டையின் இரு முனையையும் சுவரில் ஒரு சின்னக் கொக்கியில் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். சன்ஷேடின் விளிம்பில் தொங்குகிற திரையை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்காலம் முழுவதும் கழற்றி வைப்பதே மேல். அந்த மாதங்களில் மாலை வெயிலின் கொடுமையும் அவ்வளவு இருக்காது. நனைந்துவிட்டால் சுருட்டாதீர்கள், தொங்கவிட்டே உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டினால் இரண்டு மூன்று நாளில் கரும்புள்ளி பூக்கும். புள்ளி வந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றாட விடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், திட்டுத் திட்டாக வெளுக்கும்.

வெட்டிவேர் தட்டிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் மூங்கில் திரைக்கும் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிவேர் அதற்கென்றே ஆனது. மூங்கில் தண்ணீரைப் பிடித்துக் குளிர்ச்சி தராது, கறுத்துத்தான் போகும்.

தூசிக்கு மாதம் ஒரு முறை காய்ந்த பிரஷ். மேலிருந்து கீழாகத் தேய்த்தால் தூசி இடுக்கில் இறங்கி உட்கார்ந்துவிடும், பிளாச்சின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். கயிற்றை ஆண்டுக்கொரு முறை கப்பி பக்கத்தில் தடவிப் பாருங்கள், நார் சிலிர்த்திருந்தால் அறுவதற்கு முன்பே மாற்றிவிடலாம். ஒரு பிளாச்சு முறிந்தால் திரையே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முறிந்ததைப் பக்கவாட்டில் உருவி எடுத்துவிட்டு, அதே தடிமனில் இன்னொன்றைச் செருகினால் போதும். அதற்காகவே வாங்கும்போது நாலைந்து பிளாச்சு கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னல் நூலே நைந்துபோன காலத்தில் பிளாச்சுகளை உருவி அவரைக்கும் பாகலுக்கும் கொழுகொம்பாக நடலாம். மருந்தும் வார்னிஷும் ஏறியவை என்பதால் அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம்.